எழுபது வருஷமாகச் சாப்பிட்டும் தீராத மீன்

அயல் மீன்களைச் சாப்பிட்டே ஒழித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் எனக்கு எங்கள் ஊர் ஏரிதான் நினைவுக்கு வரும். ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்க மீன், இந்தியாவுக்குக் கொண்டுவந்தது 1952இல். அன்றிலிருந்து குழம்பு வைக்கிறோம், வறுக்கிறோம், கரையிலேயே கூறு கட்டி விற்கிறோம், ஆனாலும் வலையை இழுத்தால் பாதிக்கு மேல் அதுதான் துள்ளுகிறது.

போன மாதம் மீன் ஆயும்போது ஒன்றின் வாயைத் திறந்தேன். உள்ளே மஞ்சளாக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக முட்டைகள்! தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காக்கும். அதோடு குளத்தில் நெருக்கடி கூடினால் உள்ளங்கை அளவுகூட வளராமல் முட்டையிடத் தொடங்கிவிடும். நாமோ பெரிய மீனாகப் பார்த்து எடுத்துக்கொண்டு பொடிசைத் தண்ணீரில் விட்டுவிடுகிறோம், அப்புறம் எப்படிக் குறையும்?

கரீபியன் கடலில் அங்கே அயல் மீனான சிங்க மீனை ஈட்டியால் குத்திப் பிடித்துச் சமைக்கிறார்கள். முக்குளிப்பவர்கள் திரும்பத் திரும்பப் போகிற பவளப்பாறைகளில் அது குறையவும் செய்கிறது, விட்டால் மறுபடி வந்துவிடும்.

சரி, எங்கள் வீட்டில் இப்போது பொடிசையும் கேட்டு வாங்குகிறோம். முதுகு முள் கையைக் கிழிக்கும், செதில் எடுப்பது பெரும்பாடு. ஆனால் கல்லுப்பு போட்டு நன்றாக உரசிக் கழுவினால் சேற்று வாடை ஓரளவு குறையும்.