ஒரு கோட்டில் பன்னிரண்டு கிணறுகள்

நம் கல்லூரி நாட்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பலருக்கும் இல்ல மெய்வல்லுநர் போட்டியும் வாணி விழாவும்தான் முதலில் நினைவுக்கு வரும். எனக்கு 2004ஆம் ஆண்டு உயர்தர வகுப்பில் செய்த புவியியல் செயற்றிட்டம் வரும். இப்போது இலண்டனில் ஒரு பாடசாலையில் புவியியல் கற்பிக்கிறேன். 16, 17 வயது மாணவர்கள் தனியே செய்யும் ஆய்வுகளுக்கு மேற்பார்வையாளராகவும் இருக்கிறேன். அந்த வேலையில் பாதிக்கு மேல் எங்கள் புவியியல் சேரிடம் கற்றது. அவர் எங்களுக்கு அதை எப்படிச் சொல்லித் தந்தார் என்பதை இந்த மலரில் எழுதி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

போர்நிறுத்தம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி திறந்திருந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகமும் மீண்டும் வாசகர்களுக்குத் திறக்கப்பட்டிருந்தது. உயர் பாதுகாப்பு வலயங்களை விட்டுவிட்டால் எங்கும் போகலாம், எதையும் படிக்கலாம் என்ற பரவசம் எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் இருந்தது. தனியாள் செயற்றிட்டத்துக்கு நீங்களே தலைப்பைத் தெரிவு செய்யுங்கள் என்று சேர் சொன்னதும் அந்தப் பரவசம் முழுவதும் தலைப்புகளில் வந்து இறங்கியது. வட மாகாணத்தின் மீன்பிடித் தொழில் என்றான் ஒருவன். பனை வளமும் பொருளாதாரமும் என்றாள் இன்னொருத்தி. நான் எழுதிக் கொடுத்தது, யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர்வளம்.

சேர் எந்தத் தலைப்பையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக் கேள்வி கேட்டார்.

“இதில் உமக்குத் தெரியாதது எது?”

எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒப்புவித்தேன். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை, வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும், கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பு நீரும் உண்டு.

“இவை எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன, பிள்ளை. தெரியாதது எது என்றுதான் கேட்டேன். சரி, உமது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எப்படி?”

“நல்ல தண்ணீர், சேர்.”

“உறவுக்காரர் வீடுகளில்?”

“பெரியம்மா வீட்டில் சவர். குடிக்க வெளியில் இருந்துதான் அள்ளி வருவார்கள்.”

“இரண்டு வீட்டுக்கும் எவ்வளவு தூரம்?”

“ஒரு மைலும் இருக்காது, சேர்.”

அந்த இடத்தில் சேர் பேச்சை நிறுத்திவிட்டு இடவிளக்கப் படத்தை மேசையில் விரித்தார். பருத்தித்துறைக் கடற்கரையில் பென்சிலை வைத்துப் புலோலி வழியாகத் தெற்கே, கடல்நீரேரிப் பக்கம் வரை ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டின் மேலும் அதன் இரு பக்கத்திலும் உள்ள கிணறுகளைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கத் தேவையில்லை என்றார். குடாநாடு முழுவதும் என்று எழுதிக் கொடுத்தவளுக்கு அது மிகச் சிறியதாகத் தோன்றியது. ஆனால் அன்று மாலை சைக்கிளில் அந்தக் கோட்டோடு போனபோது, குச்சொழுங்கைக்கு ஒன்றாகக் கேள்விகள் கிளம்பின. வடக்கே கடல், தெற்கே கடல்நீரேரி. உப்பு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருகிறதா? நடுவில் இருக்கும் தோட்டக் கிணறுகளில் இயந்திரம் வைத்து இறைப்பது பக்கத்து வீட்டுக் குடிநீரை மாற்றுகிறதா? மாரி மழை எவ்வளவு தூரம் உப்பைத் தள்ளுகிறது?

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருக்கும் பௌதிகத்தை சேர் ஒரு வகுப்பில் விளக்கினார். மழை நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, தன்னைவிடச் சற்று அடர்த்தி கூடிய கடல் நீரின் மேல், பாலின் மேல் ஆடை படிவதைப் போலத் தங்கி நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். கைபன் என்ற ஒல்லாந்தரும் ஹேர்ஸ்பேர்க் என்ற ஜேர்மானியரும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்ட கணக்கு இது. இதை மறுபக்கமாகப் படித்தால் நெஞ்சு திடுக்கிடும். இறைத்து இறைத்து மேல் மட்டத்தை ஓர் அடி குறைத்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நீர் 40 அடி மேலே வந்துவிடும். எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கிணற்றுக்குப் பங்கு வைத்து, முறை வைத்து இறைத்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. ஆனால் அளவோடு இறைக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

எனக்கு முதலில் நைத்திரேற்றை அளக்கத்தான் ஆசை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் போடும் உரம் கிணற்றுக்குள் இறங்குவது பற்றியும், நைத்திரேற்று மிகுந்த தண்ணீர் கைக்குழந்தைகளுக்குச் செய்யும் கேடு பற்றியும் வாசித்திருந்தேன். அது முக்கியமான விடயந்தான் என்று சேரும் ஒத்துக்கொண்டார். பிறகு என்னை இரசாயன ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் சென்று, இங்கே எதை அளக்க முடியும் என்று ரீச்சரிடம் கேட்கச் சொன்னார். நைத்திரேற்றை அளக்க வசதி இல்லை, குளோரைட்டை அளக்கலாம் என்றார் ரீச்சர். தண்ணீரில் சிறிது பொற்றாசியம் குரோமேற்றுச் சேர்த்து, அளவியிலிருந்து வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் வெண்ணிற வீழ்படிவு தோன்றும். குளோரைட்டு முழுவதும் முடிந்த கணத்தில் மஞ்சள் நிறம் செங்கபிலமாகத் திரும்பும். உயர்தர மாணவர் எவரும் செய்யக்கூடிய நியமிப்பு.

ஆனால் வெள்ளி நைத்திரேற்று விலை கூடியது. ரீச்சர் அலுமாரியைத் திறந்து போத்தலைத் தூக்கிப் பார்த்து, எனக்கு எவ்வளவு தரலாம் என்று யோசித்தார். அந்த அளவை வைத்துத்தான் என் ஆய்வின் பருமன் முடிவானது. ஒரு மாதிரியை ஒரு தரம் அளந்தால் நம்ப முடியாது, திரும்பவும் அளக்க வேண்டும். உப்புக் கூடிய தண்ணீருக்குக் கரைசல் கூடச் செலவாகும். கோடையில் ஒரு சுற்று, மாரி முடிய ஒரு சுற்று. எல்லாவற்றையும் கூட்டிப் பிரித்தபோது 12 கிணறுகள் என்று வந்தது. திட்டமிடுதல் பற்றி இன்று என் மாணவர்களுக்கு எத்தனையோ படிவங்கள் தருகிறோம். அந்த மேசையில் ரீச்சரும் சேரும் நானும் போட்ட கணக்குக்கு அவை எதுவும் ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம். கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கேள்வியின் அளவைத் தீர்மானிக்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

காலத்தைத் தீர்மானித்தது மழை. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசியில் தொடங்கினால் மார்கழி வரை அதன் ஆட்சிதான். புரட்டாதிக்குள் கோடைச் சுற்றை முடிக்காவிட்டால் அந்த ஆண்டு போய்விடும். சேர் நாட்காட்டியைப் பின்னாலிருந்து திருப்பச் சொன்னார். ஒப்படைக்க வேண்டிய நாளில் தொடங்கி, எழுதும் வாரங்கள், வரைபு கீறும் வாரம், இரண்டாம் சுற்று, மழை, முதல் சுற்று, வீடுகளில் அனுமதி கேட்கும் நாட்கள் என்று பின்னோக்கி வந்தபோது, வேலை தொடங்க வேண்டிய நாள் அடுத்த திங்கட்கிழமை என்று தெரிந்தது! தவணை விடுமுறையில் ஆறுதலாகத் தொடங்கலாம் என்று வகுப்பில் நாங்கள் பேசிக்கொண்டிருந்த பேச்சு அதோடு நின்றது.

வீடு வீடாகப் போனதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. படலையில் நின்று, இன்னாருடைய மகள், கல்லூரியில் படிக்கிறேன், கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீர் அள்ளலாமா என்று கேட்டால் யாரும் மறுக்கவில்லை. ஆனால் அள்ளியதும் விடவும் மாட்டார்கள். எந்தக் கிணற்றுத் தண்ணீர் தேநீருக்கு, எது சோறு சமைக்க, எது உடுப்புத் தோய்க்க மட்டும் என்று ஒவ்வொரு வளவிலும் ஒரு வரலாறு இருந்தது. இதையும் கொப்பியில் எழுது, அளப்பதற்கு முதல் எழுது என்றார் சேர். கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டு உண்டு. குடிநீரில் 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்குக்குத் தெரியத் தொடங்கும். என் அம்மம்மா ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிணறுகளை வரிசைப்படுத்தினார். அளவி கொடுத்த வரிசைக்கும் அவருடைய வரிசைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண்களின் நாக்கை நம்பலாம் என்று என் அறிக்கையில் ஒரு பந்தியே எழுதினேன். சேர் அதை வெட்டவில்லை.

கோடைச் சுற்றின் முடிவுகள், கரையிலிருந்து உள்ளே போகப்போக உப்புக் குறைந்து, கடல்நீரேரியை நெருங்க மீண்டும் ஏறுவதைக் காட்டின. மழை வந்தது. தை மாதத்தில் இரண்டாம் சுற்று என்று காத்திருந்தோம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது.

வடமராட்சி கிழக்கில் நடந்ததை இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலர் நேரில் கண்டவர்கள். உறவுகளை இழந்தவர்களும் இருக்கிறீர்கள். பருத்தித்துறைக் கரையும் தப்பவில்லை. என் கோட்டின் வடக்கு முனையில் இருந்த இரண்டு கிணறுகளுக்குள் கடல் நீர் புகுந்திருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் உயிர் தப்பி ஒரு பாடசாலையில் தங்கியிருந்தார்கள். செயற்றிட்டத்தைப் பற்றிச் சேரிடம் கேட்கவே எனக்கு மனம் வரவில்லை. அவராகத்தான் சொன்னார்: “முதலில் போய்ச் சமைக்கிற இடத்தில் உதவுங்கள். கிணறு எங்கும் ஓடிவிடாது. அந்த மக்கள் கேட்காமல் அவர்களுடைய வளவுக்குள் போத்தலோடு போக வேண்டாம்.”

ஆய்வு நெறிமுறை என்று இன்று நான் ஒரு முழுப் பாடம் நடத்துகிறேன். அந்தப் பாடத்தில் இதைவிடச் சிறந்த வாக்கியம் என்னிடம் இல்லை.

மாசி மாதத்தில் அந்தக் கிணறுகளில் ஒன்றின் சொந்தக்காரரான ஒரு மாமி என்னை வீதியில் மறித்தார். “பிள்ளை, நீதானே முந்தி எங்கள் கிணற்றுத் தண்ணீரை அளந்தாய்? எப்போது குடிக்கலாம் என்று பார்த்துச் சொல்லு.” கடல் புகுவதற்கு முன் அந்தக் கிணறு எப்படி இருந்தது என்பதற்கு என் கொப்பியில் எண் இருந்தது. சேரிடம் போனேன். அன்றே திட்டத்தைத் திருத்தினோம். மழைக்கு முன்னும் பின்னும் என்ற கேள்வி மற்றப் பத்துக் கிணறுகளுக்கும் அப்படியே நின்றது. கரையோர இரண்டுக்கும் புதிய கேள்வி: பழைய அளவுக்குத் திரும்புகிறதா, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது? கரைசல் போதாது என்பதால் அந்த மாதிரிகளை வடித்த நீரில் ஐதாக்கி அளந்தோம்.

அந்த நாட்களில் பல இடங்களில் கடல் புகுந்த கிணறுகளை இயந்திரம் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்தார்கள். நல்ல மனத்தோடு செய்ததுதான். ஆனால் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு நீர் மேலேறும் என்று நீரியல் அறிஞர்கள் எச்சரித்தார்கள். அந்த 40 அடிக் கணக்கு ஏன் முக்கியம் என்பது அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. மாமிக்கும் அதைப் படம் கீறிக் காட்டினேன். நான் அறிக்கையை ஒப்படைத்த நாள் வரை அவருடைய கிணறு பழைய அளவுக்குத் திரும்பவில்லை. குறைந்துகொண்டு வருகிறது, இன்னொரு மாரி பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்ல முடிந்தது. அதையே முடிவுரையிலும் எழுதினேன்.

இங்கே இங்கிலாந்தில் ஈ.பி.கியூ. (Extended Project Qualification) என்று அழைக்கப்படும் தகைமைக்கு மாணவர்கள் 120 மணி நேர வேலையாக ஓர் ஆய்வைச் செய்கிறார்கள். பெரும்பாலும் 5,000 சொல் அறிக்கை. முன்மொழிவிலிருந்து மீள்பார்வை வரை எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி, கடைசியில் சபை முன் விளக்க வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பங்கு இறுதி அறிக்கையின் அழகுக்கு அல்ல, அங்கே போய்ச் சேர்ந்த வழிக்கு. அந்த வழியை நம் சேர் இருபது ஆண்டுகளுக்கு முன் எந்தப் பதிவேடும் இல்லாமல் நடத்தினார் என்று நினைக்கும்போது பெருமையாக இருக்கிறது.

அண்மையில் ஒரு மாணவன் இலண்டனின் காற்று மாசு என்று எழுதிக்கொண்டு வந்தான். 2023 ஓகஸ்டில் வாகனப் புகைக் கட்டண வலயம் மாநகரின் எல்லாப் பிரிவுகளுக்கும் விரிந்ததிலிருந்து இந்தத் தலைப்பு அடிக்கடி வருகிறது. அவனை எந்த வீதியால் பாடசாலைக்கு வருகிறான் என்று கேட்டேன். பிரதான வீதியால் வரும் நாளில் தொண்டை கரிக்கிறது, பின் வீதியால் வந்தால் இல்லை என்றான். அவ்வளவு போதும். ஆனால் காலையில் பிள்ளைகள் வந்து இறங்கும் அரை மணி நேரத்தை அளக்க விரும்பினான். வாகனப் புகையிலுள்ள நைதரசன் ஈரொட்சைட்டை அளக்க, கைக்கெட்டும் செலவில் இருக்கும் குழாய்களை ஏறத்தாழ ஒரு மாதம் தொங்கவிட வேண்டும். அவை அந்த மாதத்தின் சராசரியைத்தான் தரும், அரை மணி நேரத்தைப் பிரித்துச் சொல்லாது. ஆகவே கேள்வியை இரண்டு வீதிகளின் மாதச் சராசரி என்று மாற்றினான். தவணைக்காலம் ஒரு மாதம், விடுமுறை உள்ள ஒரு மாதம் என்று நாட்காட்டியையும் அவனே பின்னாலிருந்து திருப்பினான்.

நம் பழைய மாணவர் சங்கம் இந்த ஆண்டு கல்லூரியின் ஆய்வுகூடத்துக்கு உதவுவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. கணினிகளும் பெரிய திரைகளும் வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். என் வேண்டுகோள் வேறு. தண்ணீரின் மின் கடத்துதிறனை அந்த இடத்திலேயே காட்டும் கையடக்கக் கருவிகள் சில, மாதிரிப் போத்தல்கள், ஆண்டுதோறும் தீராமல் வெள்ளி நைத்திரேற்று, மாணவர்கள் ஊருக்குள் போய்வரச் சிறு செலவுப் பணம். இவற்றுக்கு ஒரு நிதி வைப்போம். தலைப்புகளை மட்டும் நாம் இங்கிருந்து அனுப்ப வேண்டாம். எந்த வளவில் எந்தக் கேள்வி இருக்கிறது என்று அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும்தான் தெரியும். அவர்களில் யாராவது புலோலிப் பக்கம் அந்தக் கிணறுகளை மீண்டும் அளக்க விரும்பினால், 2004, 2005 அளவுகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. செயலாளர் மூலம் கேட்டால் உடனே அனுப்பிவைப்பேன்.