மாசி இருபதும் மார்ச் முதல் தேதியும்

என் அண்ணன் மகள், கல்லூரியில் கொடுக்க வேண்டிய கட்டுரை என்று, வைகுண்டரைப் பின்பற்றுவோரின் சமய நெறியான அய்யாவழியைப் பற்றி எழுதிய பன்னிரண்டு பக்கங்களைச் சென்ற மாதம் என்னிடம் தந்து, "சித்தப்பா, பிழை மட்டும் பார்த்துக் கொடுங்கள்" என்றாள். எழுத்துப் பிழைகள் அதிகம் இல்லை. ஆனால் வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வெளிப்பட்ட நாள் 1833 மார்ச் 1 என்று ஓரிடத்தில் எழுதியவள், சில பக்கங்கள் தள்ளி, அந்த அவதார நாளுக்காகக் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்ச் 4 அன்று விடுமுறை விடுகிறார்கள் என்று எழுதியிருந்தாள். சுட்டிக்காட்டியதும், ஒன்று தவறாகத்தான் இருக்கும், அடித்துவிடலாம் என்றாள். எந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் அடிக்கக் கூடாது என்று தடுத்தேன்.

அய்யாவழியினர் போற்றுகிற நாள் கொல்லம் ஆண்டு 1008, மாசி 20. கொல்லம் ஆண்டு கி.பி. 825-இல் தொடங்குவது, திருவிதாங்கூரில் ஆவணி முதல் நாளன்று புத்தாண்டு பிறக்கும். ஆகவே ஆவணி முதல் டிசம்பர் கடைசி வரை விழும் நாள்களுக்கு 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய விழும் நாள்களுக்கு 825-ஐயும் கூட்ட வேண்டும். 1008 மாசி என்பது 1833. அதே 1008-இன் கார்த்திகையோ 1832. எல்லா மாதத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு 825-ஐக் கூட்டினால் ஓராண்டு பிசகிவிடும்.

சரி, அந்த மூன்று நாள் எங்கே போனது? நம் சூரிய மாதங்கள் விண்மீன்களை வைத்துக் கணிக்கப்படுபவை. அந்த ஆண்டு ஆங்கில ஆண்டைவிட இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம் நீளமானது. 190 ஆண்டுகளில் அந்த நிமிடங்கள் சேர்ந்து ஏறத்தாழ மூன்று நாளாகின்றன. 1833-இல் மார்ச் 1-ஆக இருந்த மாசி 20 இன்று மார்ச் 4-க்கு நகர்ந்திருப்பது அதனால்தான். இரண்டு தேதியும் சரியே. அடித்திருந்தால் உண்மையான ஒரு செய்தியை நாங்களே கெடுத்திருப்போம் என்று நினைக்கையில் இப்போதும் மனம் பதறுகிறது.

அடுத்து அரசர். வைகுண்டரைச் சிறையிட்ட திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் என்று எழுதி, அதற்கு ஆதாரம் அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை என்று குறித்திருந்தாள். அந்த நூல் மன்னரைக் கலிநீசன் என்றே சாடுகிறது. சுவாதித் திருநாள் 1829 முதல் 1846 வரை ஆண்டவர் என்பதால், ஆண்டுகளை ஒப்பிட்டு வரலாறு எழுதுவோர் அவரைச் சுட்டுகிறார்கள். முடிவு நியாயமானதுதான், ஆனால் நூல் சொன்னது ஒன்று, நாம் அதிலிருந்து ஊகித்தது வேறொன்று என்பதை வாசிப்பவர் அறியும்படி எழுத வேண்டும். ஏட்டில் வழங்கிவந்த அகிலத்திரட்டு 1939-இல்தான் முதலில் அச்சேறியது. ஆகவே எந்த வரியை எடுத்தாலும் எந்தப் பதிப்பு என்று சேர்த்துக் குறிக்கும்படி சொன்னேன்.

பக்தர் எழுதியதை மட்டும் நம்பலாமா என்று அவள் கேட்டது நல்ல கேள்வி. அதே வட்டாரத்தில் ஊழியம் செய்த லண்டன் மிஷனரி சங்கத்தாரின் அறிக்கைகளில் வைகுண்டரின் முந்தைய பெயரான முத்துக்குட்டி வருகிறது. தங்கள் பணிக்கு இடையூறாக ஒரு கூட்டம் வளர்கிறது என்ற கசப்போடு எழுதப்பட்டவை அவை. வைகுண்டரின் போதனையை அவற்றிலிருந்து அறிய முயல்வது அநீதி. ஆனால் அப்படி ஒருவர் இருந்தார், மக்கள் திரண்டு அவர் பின்னால் போனார்கள் என்பதற்கு, அவரைப் புகழ எந்தக் காரணமும் இல்லாதவர்களின் வாக்குமூலத்தைவிட உறுதியான சான்று அரிது. சங்கத்தின் ஆவணங்கள் இன்று லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் (SOAS) கல்வி நிறுவனத்தில் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகக் கிறித்தவ ஆய்வுத் துறை 2003-இல் வெளியிட்ட அய்யாவழி பற்றிய ஆய்வு நூல் அவளுக்கு எட்டக்கூடியது. அங்கிருந்து தொடங்கச் சொன்னேன்.

பின்பற்றுவோர் இத்தனை இலட்சம் என்று அவள் கொடுத்த எண்ணை நீக்கச் சொன்னேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதன்மைப் பட்டியலில் அய்யாவழிக்குத் தனி வரிசை கிடையாது. பெரும்பாலோர் இந்து என்றே பதிவாகிறார்கள். எண்ணப்படாத ஒன்றுக்கு எண் கொடுப்பது அந்த மக்களுக்கும் மரியாதை அல்ல.

கடைசியாக, "இவர்கள் கண்ணாடியை வணங்குகிறார்கள்" என்ற வரி. அதற்கு நூலகம் போக வேண்டியதில்லை. பக்கத்து ஊரில் அய்யாவழியினர் வழிபடும் இடமான நிழல் தாங்கலுக்கு அவளை அழைத்துப் போனேன். தலைப்பாகை கட்டி, நெற்றியில் வெள்ளை நாமம் இட்டிருந்த பெரியவர் ஒருவரிடம் அந்த வரியை அவளே தயங்கித் தயங்கி வாசித்துக் காட்டினாள். அவர் கோபப்படவில்லை. கருவறை போன்ற பள்ளியறைக்கு நேரே அவளை நிறுத்தி, "உள்ள யாரு தெரியுதா, பாரு மக்கா" என்றார். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது, அதற்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அய்யா உனக்குள்ளதான் இருக்காரு. அதைக் காட்டத்தான் கண்ணாடி" என்றார். பேருந்தில் திரும்பும்போதே அந்த வரியை அடித்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதி, சொன்ன இடத்தையும் நாளையும் பக்கத்தில் குறித்துக்கொண்டாள்.