சில நேரம் மட்டும் கிளம்பாத கார்

ஒருபோதும் கிளம்பாத கார் பெரிய தலைவலி அல்ல. செத்துப்போன பேட்டரி செத்தபடியே கிடக்கும். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் அன்று மாலைக்குள் பிடித்துவிடலாம். வீட்டு வாசலில் சமர்த்தாகக் கிளம்பி, கடை வாசலில் நான்கு பேர் பார்க்கும்போது மட்டும் மானத்தை வாங்குகிற காரிடம்தான் பொறுமை தேவைப்படுகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கே ஒரு குறையும் இல்லாமல் ஓடும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் மாமனாரின் கொரோலா அந்த ரகம். டர்பனுக்குத் தெற்கே ப்ரொஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா ஆலையில் 1998இல் செய்யப்பட்ட 1.6 லிட்டர் வண்டி. எஞ்சின் இன்னும் நன்றாகவே இருக்கிறது. வெயிலில் சிறிது நேரம் நின்ற பிறகு சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், செல்ஃப் எடுக்காது. கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பினால் எதுவுமே நடவாதது போலக் கிளம்பிவிடும். பேட்டரியை அவர் ஏற்கெனவே மாற்றியிருந்தார். ஒரு பட்டறையில் காரைப் பார்க்காமலேயே, எஞ்சினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்று சொல்லி விலையும் சொல்லிவிட்டார்கள். “மாப்பிள்ளை, பேசாமல் ஸ்டார்ட்டரையும் மாற்றிவிடலாமே” என்றார். “கொஞ்சம் பொறுங்கள் மாமா” என்றேன்.

பொறுக்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. விட்டுவிட்டு வரும் கோளாறில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் மறுநாள் கார் கிளம்பும். மாற்றாமல் விட்டிருந்தாலும் கிளம்பியிருக்கும். அந்தப் பாகம்தான் குற்றவாளி என்பதற்கு அது எந்த வகையிலும் சாட்சி ஆகாது. கோளாறு கண்முன்னே நடக்கும் அந்தச் சில நொடிகளில் எடுக்கிற அளவுக்கு மட்டுமே மதிப்பு உண்டு. ஆகவே வேலையில் பாதி, அந்த நொடி வரும்போது அளவுகருவி தயாராக மாட்டப்பட்டிருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான்.

அதற்கு முன்பாக, எஞ்சின் சுழலாமல் இருக்கிறதா, சுழன்றும் பற்றிக்கொள்ளாமல் இருக்கிறதா என்பதைப் பிரித்துவிட வேண்டும். இரண்டையும் “ஸ்டார்ட் ஆகவில்லை” என்றே எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இல்லை. சுழலவில்லை என்றால் பேட்டரி, கேபிள், எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்தை எஞ்சினோடு இணைக்கும் பட்டை), ஸ்டார்ட்டர், அதை இயக்கும் சுற்று ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். சுழன்றும் பற்றவில்லை என்றால் பெட்ரோல் பக்கமோ ஸ்பார்க் பக்கமோ போக வேண்டும். மாமாவின் கார் சுழலவே இல்லை.

அடுத்தது செலவில்லாத சோதனை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சாவியைத் திருப்ப வேண்டும். வெளிச்சம் அடியோடு மங்கிப்போனால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது பேட்டரி முனையில் தொடர்பு சரியில்லை. வெளிச்சம் துளியும் அசையாமல் நின்றால், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள் மின்சாரம் போகவே இல்லை என்று பொருள். கோளாறு வந்த ஒரு மாலையில் மாமா இதைச் செய்து பார்த்தார். வெளிச்சம் அசையவில்லை என்றார்.

இருந்தாலும் கேபிள்களை அளந்தேன். கடற்காற்று அடிக்கும் ஊரில் எர்த் பட்டையை அளக்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை; மேலே பளபளப்பாக இருக்கும் முனைக்கு அடியில் பச்சை பூத்திருப்பதை இங்கே பலமுறை பார்த்திருக்கிறேன். எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே வோல்ட்டேஜ் பார்க்க வேண்டும், 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில் தடை இருக்கிறது. பாசிட்டிவ் பக்கம் 0.5 வோல்ட் வரை பொறுக்கலாம். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு அருகிலும், சுழற்றும்போது 9.6க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். எல்லாமே சரியாக இருந்தன. கேபிளைக் கழற்றி ஓம் அளவில் வைத்துப் பார்ப்பதை நான் நம்புவதில்லை. ஒரே ஒரு இழையில் தொங்கும் கேபிள்கூட மீட்டரில் நல்ல கேபிளாகத் தெரியும். நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும்போதுதான் அதன் வண்டவாளம் வெளிப்படும்.

மிச்சம் இருந்தவை ஸ்டார்ட்டரும், அதற்கு உத்தரவு கொண்டுபோகும் ஒல்லியான கம்பியும். சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போது இந்தக் கம்பி வழியாகத்தான் ஸ்டார்ட்டரின் மேலுள்ள சோலனாய்டு என்ற மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் போகிறது. சோலனாய்டு இழுத்து, உள்ளே இருக்கும் கனத்த செம்புத் தொடர்புகளை மூடிய பிறகே மோட்டாருக்கு மின்சாரம் கிடைக்கும். எனவே, கோளாறு வரும் நொடியில் சோலனாய்டின் சிறிய முனைக்கு மின்சாரம் வந்ததா, வரவில்லையா என்பது ஒன்றே கேள்வி. ஐந்து வாட் பல்பு ஒன்றை எடுத்து, அதன் ஒரு கம்பியைச் சிறிய ஃபியூஸ் வழியாக அந்த முனையிலும் மற்றதை எஞ்சின் எர்த்திலும் இணைத்து, பானட் விளிம்பு வழியாக வெளியே எடுத்து வைப்பர் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினேன். ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். “கிளம்பாதபோது பல்பு எரிகிறதா என்று மட்டும் பாருங்கள் மாமா, வேறொன்றும் வேண்டாம்.”

சோலனாய்டு கம்பியைக் கழற்றாமல், அதனோடு சேர்த்தே பல்பை மாட்டியதுதான் இதில் முக்கியமான சங்கதி. கம்பியைத் தனியாகக் கழற்றி மீட்டரை வைத்தால் அரித்துப்போன இணைப்பு வழியாகவும் 12 வோல்ட் முழுதாகக் காட்டும், ஏனென்றால் மீட்டர் ஏறத்தாழ மின்சாரமே குடிப்பதில்லை. சோலனாய்டு அப்படி அல்ல. இழுக்கும் அந்தக் கணத்தில் பத்து ஆம்பியருக்கு மேலும் கேட்கும். அந்தச் சுமை இருக்கும்போதுதான் கெட்ட இணைப்பில் வோல்ட்டேஜ் படுத்துவிடும், பல்பும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

பல்பு பளிச்சென்று எரிந்து, ஸ்டார்ட்டரிலிருந்து கனமான சத்தமும் வந்திருந்தால் பட்டறைக்காரர் சொன்னது சரியாகியிருக்கும். அந்தக் காலத்து டொயோட்டாக்களில் பரவலாக வந்த டென்சோ ஸ்டார்ட்டரில் அந்தச் செம்புத் தொடர்புகள் தேய்வது பழகிப்போன நோய். அப்போதும் முழு ஸ்டார்ட்டரை வாங்க வேண்டியதில்லை; தொடர்புகளும் பிளஞ்சரும் தனியாகவே கிடைக்கின்றன.

ஆனால் பல்பு சிவந்த நூல்போல மினுக்கியதாக மாமா ஃபோனில் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: அந்த ‘டக்’ எஞ்சின் பக்கமிருந்து வரவில்லை, அவர் முழங்காலுக்கு மேலே டாஷ்போர்டுக்குள்ளிருந்து வருகிறது. இந்த நாட்டில் இதைக் கேட்டாலே பாதி விடை கிடைத்த மாதிரி. தொண்ணூறுகளில் கார்த் திருட்டு அதிகமாக இருந்ததால், கார் வாங்கிய பிறகு திருடன் கிளப்ப முடியாதபடி மின்சுற்றைத் துண்டித்து வைக்கும் இம்மொபிலைசரைத் தனியாகப் பொருத்தும் வழக்கம் இங்கே பரவலாக இருந்தது. காப்பீட்டு நிறுவனங்களும் அதைக் கேட்டன. ஸ்டார்ட்டர் கம்பி, இக்னிஷன், பெட்ரோல் பம்ப் என்று தொழிற்சாலைக் கம்பிகளை வெட்டி நடுவில் ரிலே என்ற மின்சார ஸ்விட்சை நுழைப்பார்கள். திருடன் எளிதில் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே கறுப்பு டேப்பில் சுற்றியும் வைப்பார்கள். இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பழுது பார்க்கிறவனுக்கும் அது எளிதில் அகப்படுவதில்லை.

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றி, சோலனாய்டு சுமை இருக்கும்போதே அளந்தேன். இக்னிஷன் ஸ்விட்சிலிருந்து வெளியே வரும் கம்பியில் பேட்டரிக்குச் சற்றே குறைந்த வோல்ட்டேஜ் இருந்தது. இம்மொபிலைசரைத் தாண்டிய கம்பியில் அதில் பாதிகூட இல்லை. டேப்பைப் பிரித்தபோது, பசை வெயிலில் உருகி விரலில் ஒட்டியது. உள்ளே இரண்டு கம்பிகளை வெறுமனே முறுக்கி விட்டிருந்தார்கள். ஈயப்பற்றும் இல்லை, அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப்பும் இல்லை. செம்பு இழைகள் கறுத்து, நடுவில் பச்சைப் பொடி கட்டியிருந்தது. ரிலே ‘டக்’ என்று தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது, ஆனால் அதன் தொடர்புகளும் கருகியிருந்தன.

இம்மொபிலைசரைத் தூக்கி எறிந்து கம்பிகளை நேராகச் சேர்த்துவிடலாம் என்று பக்கத்து வீட்டு அண்ணன் யோசனை சொன்னார். காப்பீட்டு ஒப்பந்தத்தில் அது நிபந்தனையாக இருந்தால், கார் திருடுபோகும் நாளில் இழப்பீடும் சேர்ந்து போய்விடும். அதனால் கறுத்த பகுதியை வெட்டி எறிந்து, அதே தடிமனில் புதுக் கம்பி இட்டுப் பற்றவைத்து, மேலே சுருங்கும் குழாய் போட்டு, தாராளமான ஆம்பியர் அளவுள்ள புது ரிலேயைப் பொருத்தினேன். பல்பை உடனே கழற்றவில்லை. வெயில் நாட்கள் முடியும் வரை அது வைப்பர் பக்கத்திலேயே இருந்தது. சாவியைத் திருப்பும்போதெல்லாம் பளிச்சென்று எரிந்தது.

இப்போது அந்த அண்ணனின் ஹோண்டா பல்லாட் என்னிடம் வந்திருக்கிறது. இந்த நாட்டின் ஈஸ்ட் லண்டன் நகரில் மெர்சிடிஸ் ஆலையில் செய்யப்பட்ட பழைய வண்டி. இதில் எஞ்சின் நன்றாகச் சுழல்கிறது, ஆனால் வெயிலில் நின்றபின் பற்றுவதில்லை. கண்ணாடிகளை இறக்கி விட்டால் சற்று நேரத்தில் சரியாகிவிடுகிறது. அந்தக் காலத்து ஹோண்டாக்களில் டாஷ்போர்டுக்கு அடியில் இருந்து பெட்ரோல் பம்ப்புக்கு மின்சாரம் கொடுக்கும் மெயின் ரிலேயின் ஈயப்பற்று வெடித்து, சூட்டில் தொடர்பு விட்டுப்போவது உலகறிந்த குறை. சாவியை ஆன் செய்ததும் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகும். கோளாறு வரும்போது அந்த முனகல் கேட்கிறதா என்று கவனிக்கச் சொல்லியிருக்கிறேன். இது ஜூலை மாதக் குளிர், கார் தினமும் ஒழுங்காகக் கிளம்புகிறது. ரிலேயை இப்போதே மாற்றச் சொல்லி அண்ணன் நச்சரிக்கிறார். நான் டிசம்பர் வெயில் வரட்டும் என்கிறேன்.