நான்காம் கட்டில் நாட்குறிப்பு

ஜூன் 2, 2025, திங்கள்

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போய் விழுந்து இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். முதுகில் கம்பியும் திருகாணியும் வைத்த மருத்துவமனை, இனித் தங்களுக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிட்டது. போகும்போது வெறுங்கையோடு அனுப்பவில்லை. வால் எலும்பின் மேல் ஒரு ரூபாய் நாணய அளவில் ஒரு புண்ணையும் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்திருந்தால் வந்திருக்காது என்றார் இங்குள்ள சிஸ்டர். அங்கே அதை என்னிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடமும் சொல்லவில்லை.

இந்த மறுவாழ்வு மையத்தில் எனக்கு இரண்டாவது மாடி, நான்காம் கட்டில். மாலையில் டாக்டர் பஞ்சும் ஊசியுமாக வந்து கழுத்திலிருந்து தொட்டுக்கொண்டே இறங்கினார். தொப்புள் வரை குத்தியது. அதற்குக் கீழே அவர் குத்துவதைக் கண்ணால்தான் தெரிந்துகொண்டேன். ஆசனவாய் வரை சோதித்துவிட்டு 'டி 10, ஏ' என்று எழுதினார். டி 10 என்றால் மார்பின் பத்தாவது முள்ளெலும்பு மட்டம். ஏ முதல் இ வரை ஐந்து படிகளாம். பள்ளிக்கூடத்தில் ஏ வாங்கினால் முதுகைத் தட்டிக்கொடுப்பார்கள். இங்கே ஏ என்றால் காயத்துக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை.

"நடப்பேனா டாக்டர்?"

"நடப்பீர்கள் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆறு வாரத்தில் சக்கர நாற்காலியில் நீங்களே ஏறி, நீங்களே இறங்கி, வீட்டுக்குப் போவீர்கள். அதற்கு வாக்குக் கொடுக்கிறேன்."

முகத்துக்கு நேரே இப்படிச் சொன்ன முதல் ஆள். கோபம் வந்தது. இரவுச் சாப்பாட்டுக்குள் தணிந்துவிட்டது.

ஜூன் 5, வியாழன்

கைக்கண்ணாடி ஒன்று வாங்கிவரச் சொன்னார்கள். நீளமான பிடி உள்ளதாக இருக்கவேண்டுமாம். காலையும் இரவும் அதைப் பின்பக்கம் பிடித்து என் தோலை நானே பார்க்கவேண்டும். எங்காவது சிவந்திருந்தால், விரலால் அழுத்தி எடுத்த பிறகும் அந்தச் சிவப்பு வெளுக்காமல் நின்றால், அதுதான் புண்ணின் முதல் எழுத்து.

இதைப் 'படுக்கைப் புண்' என்றுதான் இத்தனை நாளும் சொல்லிவந்தேன். சிஸ்டர் திருத்தினார்: "அழுத்தப் புண் என்று சொல்லுங்கள் சார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் வரும்." இருபது வருடமாக அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திவந்தவன் நான். என்னை ஒரு சிஸ்டர் திருத்திவிட்டார், அதுவும் சரியாகத் திருத்திவிட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்தால் கால் மணிக்கொரு தடவை இரு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கவேண்டும், அல்லது ஒரு பக்கமாகச் சாயவேண்டும். செல்பேசியில் அலாரம் வைத்திருக்கிறேன். கோழிக் கூவல்.

ஜூன் 8, ஞாயிறு

கும்பகோணத்திலிருந்து மாமா வந்தார். ஒரு கையில் வைத்தீஸ்வரன்கோவில் திருநீறு, இன்னொரு கையில் யாரோ கொடுத்த தைலம். சூடுபண்ணித் தேய்க்கவேண்டுமாம். சூடு என்று கேட்டதும் பிசியோதெரபிஸ்ட் பெண் பதறிவிட்டார். உணர்வில்லாத காலில் வெந்நீர்ப் பை வைத்தாலே தோல் வெந்துபோகும், வெந்தது எனக்கே தெரியாது. திருநீறு பூசிக்கொண்டேன். தைலம் அலமாரிக்குப் போனது.

பேசிக்கொண்டிருக்கும்போதே போர்வையைச் சரிசெய்ய அவர் என் பாதத்தைத் தொட்டார். வலது கால் விருட்டென்று மடங்கி, தடதடவென்று ஆடியது. மாமா எழுந்து நின்று கை கூப்பிவிட்டார். "வைத்தியநாதா! கால் வந்துவிட்டதடா!" கண்ணில் தண்ணீர். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவரிடம் எப்படிச் சொல்வது? பாதத்தில் பட்ட தொடுகை தண்டுவடம் வரை போகிறது. அதைச் சீர்தூக்கி, 'ஒன்றுமில்லை, சும்மா இரு' என்று அடக்கும் மூளைக்கு வழி அடைபட்டிருக்கிறது. தண்டுவடம் தானே முடிவெடுத்துக் காலை உதறுகிறது. முதல் சில வாரங்கள் அதிர்ச்சியில் துவண்டு கிடக்கும் கால் பிறகு இப்படித் துள்ளத் தொடங்குமாம். எனக்கும் முதல்முறை துள்ளியபோது நெஞ்சு நின்றுபோனது. டாக்டர் சொன்ன பிறகுதான் இறங்கிவந்தேன். அந்த இறக்கத்தை மாமாவுக்கு நான் கொடுக்கவேண்டியதாயிற்று. அவர் முழுதும் கேட்டார். பிறகு, "இருக்கட்டும், ஆடியது ஆடியதுதானே" என்றார்.

மாமாவிலிருந்து பால்காரர் வரை எல்லோருக்கும் என் நடைதான் கவலை. நடை என்றால் எனக்கு இத்தனை நாளும் வாக்கியம். யாருடைய நடை நொண்டுகிறது என்று தாளின் ஓரத்தில் குறித்தே சம்பாதித்தவன்.

ஜூன் 11, புதன்

சிறுநீருக்கு நிரந்தரக் குழாயை எடுத்துவிட்டார்கள். இனி நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நானே மெல்லிய குழாயைச் செலுத்தி வெளியேற்றவேண்டும். 400, 500 மில்லிக்கு மேல் தேங்கவிடக் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும், அறுவை அரங்கச் சுத்தம் வேண்டியதில்லை என்று 1972இல் லாபிடெஸ் என்ற அமெரிக்க மருத்துவர் காட்டிய வழி. முதல் முயற்சியில் கை நடுங்கியது. மூன்றாவதில் வேலை முடிந்தது. மலம் கழிப்பதற்கும் நேரம் குறித்தாகிவிட்டது, காலை டிபனுக்குப் பிறகு. வயிறு நிரம்பினால் குடல் தானே அசையும் என்பது கணக்கு. மற்றதை எழுதப்போவதில்லை.

ஜூன் 14, சனி

எதிர்க் கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியவர். முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் பார்த்துக்கொண்டது. நாற்பத்தொன்பதாவது மணியிலிருந்து மனைவியின் வளையல் பார்த்துக்கொண்டது.

கை, கால் எல்லாம் நன்றாக இருக்கின்றன. 29சி போகும் வழியைக் கேட்டால் பெரம்பூரில் ஆரம்பித்துப் பெசன்ட் நகர் வரை ஒப்பிக்கிறார். காலையில் இட்லியா பொங்கலா என்றால் விழிக்கிறார். அவர் கட்டிலுக்கு எதிரே பலகை: 'இன்று சனிக்கிழமை. ஊர் சென்னை. நீங்கள் இருப்பது மறுவாழ்வு மையம்.' நேற்று டீ சூடில்லை என்று டம்ளரை வீசினார். அவர் அப்படிப்பட்டவரே இல்லை என்று அவர் மனைவி அழுதார். நெற்றிக்குப் பின்னால் அடிபட்டால் பொறுமை முதலில் போய்விடுமாம். சொந்தக்காரர்களோ 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்களாம். என் காயம் ஊருக்கே தெரிகிறது. அவருடையது அந்த அம்மாவுக்கு மட்டும்தான் தெரிகிறது.

ஜூன் 18, புதன், விடியற்காலை 4 மணி

தூக்கம் போய்விட்டது, எழுதிவிடுகிறேன். பக்கத்துக் கட்டில் தம்பிக்குக் கழுத்தில் அடி, கிணற்றில் தலைகீழாகக் குதித்தவன். இரண்டரை மணிக்கு "அண்ணே, தலை வெடிக்கிறது" என்றான். முகம் சிவந்து வியர்த்திருந்தது. மணியை அடித்தேன். சிஸ்டர் தலைவலி மாத்திரையைத் தேடவில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி அவனை உட்காரவைத்தார், போர்வையை விலக்கிச் சிறுநீர்க் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனார். தொடைக்கடியில் குழாய் மடங்கியிருந்தது. நிமிர்த்தியதும் பை நிரம்பத் தொடங்கியது. எப்போதும் 90இல் இருக்கும் இரத்த அழுத்தம் 170. சில நிமிடங்களில் இறங்கிவிட்டது.

மார்பின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இது வரும், கவனிக்காவிட்டால் மூளையில் இரத்தம் கசியும் என்று டாக்டர் விளக்கினார். எனக்குப் பத்தாவது, அதனால் தப்பித்தேன். நான்கு எலும்பு இடைவெளியில் இருக்கிறது வித்தியாசம்.

ஜூன் 20, வெள்ளி

பலகையில் சறுக்கிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நானே மாறினேன். பதினோரு நிமிடம்.

ஜூன் 26, வியாழன்

அதிகாலையில் மெரினா. மணலுக்குக் குறுக்கே மரப்பாதை போட்டிருக்கிறார்கள். 2022 நவம்பரில் திறந்ததை டிசம்பரில் மாண்டஸ் புயல் பதம் பார்த்தது, பிறகு சரிசெய்தார்கள். பாதையின் முடிவில் நிறுத்திக்கொண்டு அலையைப் பார்த்தேன். கோழி கூவியது. சுண்டல் பையன் சுற்றுமுற்றும் தேடினான். கைகளை ஊன்றி எழும்பிவிட்டு அலாரத்தை நிறுத்தினேன்.

வண்டியில் திரும்பும்போது மேரி வர்கீஸ் பற்றிய பேச்சு வந்தது. வேலூர் மருத்துவர். 1954 கார் விபத்தில் கால்கள் போன பிறகு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கக் காரணமானவர். அவரைப் பற்றிய கட்டுரை ஒன்றுக்கு நானே மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். ஒற்று மிகுமா மிகாதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

மனைவி தையல் டேப்பால் வீட்டை அளந்துவந்தாள். குளியலறை வாசல் 23 அங்குலம். என் நாற்காலி 24. தெருவாசலில் இரண்டு படி, ஆளுக்கு ஆறு அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குலச் சரிவு வேண்டும் என்பது விதி. ஆகப் பன்னிரண்டு அடி. எங்கள் வாசலிலிருந்து நான்காவது அடியில் சாக்கடை.

தெருவாசலுக்கு இப்போதைக்கு இரண்டு ஆள் பிடித்து ஏற்றுவது என்று முடிவு. குளியலறைக்கு வழி சொன்னார்கள்: கதவைக் கழற்றித் திரை போட்டால் ஒன்றரை அங்குலம் கிடைக்கும். விரல் முட்டி உரசும், ஆனால் போய்விடலாம்.

வீட்டுக்கார மாமியைப் போனில் அழைத்தேன். நடக்கிறாயா என்று முதலில் கேட்டார். இல்லை மாமி, குளியலறைக் கதவைக் கழற்றவேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"கழற்றிக்கொள். காலி செய்யும்போது மாட்டிக் கொடுத்துவிடவேண்டும்."

சரி என்றேன். திருகாணிகளைத் தொலைக்காமல் ஒரு டப்பாவில் போட்டுவைக்கும்படி மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.