ஒரே ஒரு மீனுக்காக கட்டுன ஊரு

மதுரைக்காரய்ங்களுக்கு கடல்னா கரிமேட்டுல ஐஸ் பொட்டியோட வந்து எறங்குறதுதான், அந்த ஊருல உக்காந்துக்கிட்டு ஸ்காட்லாந்து மேல்கோடியில இருக்க விக்-ங்கிற ஊரப் பத்தி எழுதுறியேன்னு கேப்பீங்க. தூக்கம் வரலைன்னா மேப்ப நோண்டுவேன், அதுல சிக்குனது.

விக் இருக்க கேத்னஸ்ங்கிற பகுதியோட கடற்கரை முக்காவாசி செங்குத்துப் பாறை, படகு ஒதுங்க எடமே கம்மி. நடுவுல கிழக்கப் பாத்து ஒரு சின்ன வளைகுடா, அதுல வந்து விழுகுது விக் ஆறு. ஆத்துக்கு வடக்கால பழைய ஊரு. தெக்கால 1800கள் ஆரம்பத்துல பிரிட்டிஷ் ஃபிஷரீஸ் சொசைட்டி எடம் வாங்கி, தாமஸ் டெல்ஃபோர்டுங்கிற எஞ்சினியர வச்சு பிளான் போட்டு புல்ட்னிடவுன்னு ஒரு புது ஊரையே கட்டிருச்சு. ஆட்டுப் பண்ணைக்காக நிலத்த விட்டு வெரட்டப்பட்ட சனங்களுக்கு பொழப்பு வேணும், கடல்ல ஹெர்ரிங் கொட்டிக் கெடக்கு, அதான் கணக்கு. ஹெர்ரிங் வேற ஒண்ணுமில்ல, நம்ம சாளைக்கு சொந்தக்கார மீனு.

நம்ம ஊருல ஆடி வீதி, சித்திரை வீதி, மாசி வீதின்னு எல்லாம் கோயிலச் சுத்தி போகுதுல்ல, அங்க எல்லாம் ஹார்பரப் பாத்து. கீழ்ப்பக்கம் மீன் பதப்படுத்துற முற்றம், பீப்பாய் செய்ற பட்டறை, மேட்டுல வீடுங்க. 1860கள்ல சீசனுக்கு ஆயிரம் படகுக்கு மேல வந்து நின்னுச்சாம்.

மீன் வந்து எறங்குனா வேலை பூரா பொம்பளைங்க கையிலதான், மூணு மூணு பேரா சேந்துக்குவாங்க, ரெண்டு பேரு சின்னக் கத்தியால குடலெடுத்து வீச, ஒருத்தி உப்பு போட்டு பீப்பாய்ல அடுக்குவா, வெட்டுக்காயத்துல உப்பு பட்டா உசுரு போகும்ல, அதுக்காக விரல் ஒவ்வொண்ணுக்கும் துணிய கிழிச்சு சுத்திக்குவாங்க. அந்தப் பீப்பாய்ங்கதான் ஜெர்மனி, ரஷ்யான்னு போச்சு.

ஆனா ஊர வளத்த அதே வளைகுடாதான் வில்லனும். கிழக்குக் காத்து அடிச்சா நேரா வாய்க்குள்ள வரும். 1848 ஆகஸ்டு புயல்ல படகுங்க அவசரமா திரும்புனா ஹார்பர்ல தண்ணி வத்திக் கெடக்கு, உள்ள வர முடியல, விக் பக்கம் மட்டும் 37 பேரு போய்ட்டாங்க. அப்புறம் 1863ல ஸ்டீவன்சன் குடும்பம், அதான் லைட்ஹவுஸ் கட்டியே பேரு வாங்குன எஞ்சினியருங்க, வளைகுடாவுக்கு குறுக்க அலைத்தடுப்புச் சுவர் கட்ட ஆரம்பிச்சாங்க. 1872 புயல்ல 1350 டன் கான்கிரீட் பாளத்த அலை அப்படியே நகத்தி விட்ருச்சு! சரின்னு 2600 டன்னுல போட்டா 1877ல அதுவும் காலி. இம்புட்டு பெரிய கைகளுக்கே அந்த எடம் மசியல, என்னத்த சொல்ல.

முதல் உலகப்போர் வந்து ஐரோப்பா மார்க்கெட்டு அத்துப்போக, ஹெர்ரிங் யாவாரமும் படுத்துருச்சு. (போதாக்குறைக்கு விஸ்கி காய்ச்சுற ஊருலயே 1922லருந்து 1947 வரைக்கும் மதுவிலக்கு, அதுவும் ஊரே ஓட்டுப் போட்டு!) இப்ப கடலுக்குள்ள 84 காத்தாடி போட்ட பீட்ரிஸ் மின் பண்ணைக்கு இதே ஹார்பர்லருந்துதான் ரிப்பேர் ஆளுங்க போய்ட்டு வர்றாங்க, ஆபீஸுக்கு புதுசா எதுவும் கட்டல, டெல்ஃபோர்டு காலத்து பழைய கட்டடத்தையே பழுது பாத்து வச்சிருக்காய்ங்க.