லிபர்ட்டி கப்பலும் 200 பார் காற்றும்

பாலித் தீவின் வடகிழக்குக் கரையில், கரங்காசம் மாவட்டத்தில் இருக்கிறது துலாம்பென். காற்று அடைத்த டேங்கோடு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா டைவில், அந்தக் காற்றைச் சிக்கனமாகச் செலவழிக்க நான் கற்றது இங்கேதான். விமான நிலையத்திலிருந்து காரில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். தெற்கு பாலியின் கூட்டமும் கடைத்தெருவும் வழியிலேயே கழன்றுவிடும். கடைசியில் அகுங் எரிமலையும் அதன் காலடியில் ஒரு சின்ன ஊரும்தான் மிச்சம். கரையில் மணலே கிடையாது. உள்ளங்கையில் அடங்காத கருங்கல் உருண்டைகள், அலை பின்வாங்கும்போதெல்லாம் கடகடவென்று உருள்கின்றன.

அந்தக் கற்கள்மேல் நடந்து, ஊர்ப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் ஸ்கூபா டேங்கைச் சுமந்து வருகிறார்கள். கருவிகளோடு சேர்த்து ஒவ்வொன்றும் 20 கிலோ இருக்கும். காலில் சாதாரணச் செருப்பு. ஒரு அக்கா தலையில் சுமையோடு பக்கத்தில் வருபவரிடம் பேசிக்கொண்டே நடந்தார். நின்று பார்த்தேன்: அவர் மூச்சு ஒரே சீராக இருந்தது. வெறுங்கையோடு நடந்த எங்களுக்குத்தான் வாங்கியது.

தண்ணீருக்குள் இருப்பது யுஎஸ்ஏடி லிபர்ட்டி, அமெரிக்க ராணுவத்தின் சரக்குக் கப்பல். 1942 ஜனவரி 11 அன்று பக்கத்துத் தீவான லொம்போக் அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று டார்பிடோவால் அடித்தது. சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப் போகப் பார்த்தார்கள். உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால் துலாம்பென் கரையில் கொண்டுவந்து ஏற்றிவிட்டார்கள். இருபது வருடத்துக்கும் மேல் கரையிலேயே கிடந்தது. 1963-இல் அகுங் வெடித்தபோது சரிந்து கடலுக்குள் போனது. 120 மீட்டர் நீளக் கப்பல், மேல்பகுதி 5 மீட்டர் ஆழத்தில், அடிப்பகுதி 30 மீட்டரை ஒட்டி. படகு வேண்டாம். கரையிலிருந்து நடந்து இறங்கி, கொஞ்சம் நீந்தினால் கப்பல்.

காற்றுச் செலவைக் குறைக்கக் கற்க நினைப்பவருக்கு இதைவிடத் தோதான இடம் நான் பார்த்ததில்லை. ஒரே டைவில் எல்லா ஆழமும் கிடைக்கிறது, ஆழம் கூடக்கூடக் காற்று எப்படிக் கரைகிறது என்பதை டேங்கின் அழுத்தத்தைக் காட்டும் கேஜில் கண்ணால் பார்க்கலாம். வழக்கமான அலுமினிய டேங்க் 11 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல்மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அடைத்தால் ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் ஆளுக்கு நிலத்தில் இது 110 நிமிடம் வரும். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, ஒவ்வொரு மூச்சும் டேங்கிலிருந்து அத்தனை மடங்கு காற்றை எடுக்கும் என்பதால் 55 நிமிடம். 20 மீட்டரில் 36. கப்பலின் அடிப்பகுதியில், 30 மீட்டரில், வெறும் 27. இதிலும் கடைசி 50 பாரைத் தொடாமல் மேலே வர வேண்டும். ஆக, அடியில் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் மேல்தளத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் விலை கொடுக்கிறோம். அதனால் ஆழமான பகுதியை முதலில் முடித்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் 12 மீட்டருக்கு மேலேயே சுற்றுவதுதான் இங்கே வழக்கம்.

முதல் டைவில் என் கேஜ் 70-க்கு வந்தபோது, எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டியான டைவ் மாஸ்டரின் கேஜ் 130-இல் நின்றது. மேலே வந்ததும் மூச்சைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் என் ஈயக்கட்டிகளைப் பற்றி. "எத்தனை கிலோ கட்டியிருக்கீங்க?" ஏழு. "ரெண்டு கழட்டுங்க."

யோசித்தால் அதுதான் சரியான கேள்வி. ஈயம் அதிகமானால் உடல் கீழே இழுக்கும். அதைச் சரிக்கட்ட, மிதப்பைக் கூட்டிக் குறைக்க அணியும் பிசிடி ஜாக்கெட்டில் காற்றை நிரப்புவோம்; அந்தக் காற்றும் டேங்கிலிருந்து வருவதுதான். ஊதிய ஜாக்கெட் மார்பைத் தூக்க, இடுப்பில் உள்ள ஈயம் காலைத் தாழ்த்த, உடல் சாய்வாகிவிடும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. அதைச் சாய்ந்த உடலோடு தள்ளிக்கொண்டு போனால் கால் தசைகள் ஓயாமல் உழைக்கும், உழைக்கும் தசை காற்று கேட்கும். நுரையீரலை மட்டும் கட்டுப்படுத்தி என்ன பயன்?

எடையைச் சரிபார்க்க அவர் காட்டிய முறை எளிமையானது. டைவ் முடியும் நேரத்தில், டேங்கில் 50 பார் இருக்கும்போது, 5 மீட்டரில் சேஃப்டி ஸ்டாப் (மேலே வருமுன் பாதுகாப்புக்காகச் சற்று நிற்பது) நிற்கையில் ஜாக்கெட்டில் உள்ள காற்றையெல்லாம் விட்டுவிட வேண்டும். சாதாரணமாக மூச்சு விட்டபடி மூழ்காமலும் மிதந்து ஏறாமலும் நிற்க முடிந்தால் எடை சரி. டைவின் முடிவில் ஏன் என்றால், காற்றுக்கும் எடை உண்டு. நிரம்பிய டேங்க் காலியாகும்போது இரண்டு கிலோவுக்கு மேல் இலேசாகிறது. 3 மில்லிமீட்டர் உடையோடு எனக்கு ஐந்து கிலோவே போதுமானதாக இருந்தது.

அடுத்த டைவில் கைகளை மார்போடு கட்டிக்கொள்ளச் சொன்னார். கை வீசுவது எதற்கும் உதவாது, காற்றைத்தான் தின்னும். காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸை மேலும் கீழும் உதைக்காமல், தவளை போல அகட்டி ஒரு தள்ளு, பிறகு அப்படியே வழுக்கிப் போக வேண்டும். அவசரப்பட்டபோதெல்லாம் உள்ளங்கையைக் கீழே காட்டி அமர்த்தினார். மேலே வந்து சொன்னார்: "கப்பல் 1963-லிருந்து இங்கேதான் இருக்கு. மெதுவாப் போங்க."

இவ்வளவும் சரியான பிறகுதான் மூச்சு. இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, மூச்சை அடக்கிக் காற்றை மிச்சம் பிடிக்கவே கூடாது. நம்மில் பலருக்குப் பிராணாயாமப் பழக்கம் உண்டு. பூரகம் (இழுப்பது), ரேசகம் (விடுவது) இரண்டும் தண்ணீருக்குள் கைகொடுக்கும். மூச்சை அடக்கும் கும்பகத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். அழுத்தத்தில் இழுத்த காற்றை நெஞ்சில் அடக்கியபடி ஒன்றிரண்டு மீட்டர் மேலேறினாலே அது விரிந்து நுரையீரலைக் கிழிக்கலாம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் மேலே இழுத்த மூச்சோடு இறங்கினார்கள், அது வேறு கணக்கு. இன்னொரு ஆபத்தும் உண்டு. மூச்சை இடையிடையே நிறுத்தினால் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். மூச்சு வாங்கத் தூண்டுவதே பெரும்பாலும் அந்த வாயுதான் என்பதால், மிச்சம் பிடித்ததற்கும் சேர்த்துப் பிறகு மூச்சிரைக்கும். டைவ் முடிந்ததும் தலை வலிக்கிறதென்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சின்னச் சின்னதாக வேகமாக மூச்சு விடுவதும் வீண். ஒவ்வொரு மூச்சிலும் தொண்டையிலும் மூச்சுக்குழலிலும் நிற்கும் 150 மில்லிலிட்டர் அளவுக் காற்று நுரையீரலின் உள்ளறைக்குப் போவதே இல்லை. அரை லிட்டர் மூச்சில் அது பெரிய பங்கு. ஆழமான மூச்சில் சிறிய பங்கு. ஆகவே நிதானமாக வயிறு விரிய இழுத்து, அதைவிட நீளமாக, சூடான காப்பியை ஊதி ஆற்றுவதுபோல விட வேண்டும். எண்ணிக்கை வைத்துக்கொள்ள விரும்புபவர் நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடலாம். மூச்சு முட்டுகிற மாதிரி தோன்றினால் எண்ணுவதை விட்டுவிட வேண்டும், உடல் கேட்பதைக் கொடுக்க வேண்டும்.

கற்களில் தடுமாறி, அலையைத் தாண்டி, ஃபின்ஸ் மாட்டி முடிக்கும்போது யாருக்கும் இதயம் படபடக்கும். அந்த நிலையில் இறங்கினால் முதல் ஐந்து நிமிடத்திலேயே 30 பார் போய்விடும். மேலேயே மல்லாந்து மிதந்து, மூச்சு அடங்கிய பிறகு இறங்கினோம். அது ஒன்றே பெரிய வித்தியாசம் செய்தது.

விடியற்காலை டைவ்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இரவெல்லாம் கப்பலுக்குள் தூங்கும் நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் வெளிச்சம் வந்ததும் கூட்டமாகக் கிளம்பிப் போகின்றன. பாரை மீன் கூட்டம் தலைக்குமேல் சுழல்கிறது. கப்பலுக்குப் பக்கத்து மணல் சரிவில் பாதி உடலைப் புதைத்துக்கொண்டு, பாம்பு போல நீண்ட ஈல் மீன்கள் ஆடிக்கொண்டிருக்கும். வேகமாக நெருங்கினாலோ குமிழிகள் பொங்கினாலோ அத்தனையும் ஒரே நேரத்தில் மணலுக்குள் மறைந்துவிடும். அசையாமல், நீளமாக மூச்சை விட்டபடி மணலுக்கு ஒரு முழம் மேலே நின்றேன். முதலில் ஒன்று தலை காட்டியது, பிறகு வரிசையாக எல்லாம். ஈலின் கண், கழுத்துப் புள்ளிகள், மிதந்து வரும் துணுக்கை அது கவ்வுவது வரை தெரிந்தது. காற்றைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்பது இதற்காகத்தான்.

கணக்குப் பார்க்க விரும்புபவருக்கு: 10 மீட்டரை ஒட்டியே 20 நிமிடம் சுற்றினேன், 150 பார் 90 ஆனது. 60 பாரை 11 லிட்டரால் பெருக்கினால் 660 லிட்டர், நிமிடத்துக்கு 33. அழுத்தம் 2 என்பதால் பாதி, 16.5 லிட்டர். முதல் நாள் இதே கணக்கு 22-ஐத் தாண்டியது. டைவ் மாஸ்டர் அளவுக்கு வரவில்லை, வரவும் வராது. உடல் பருமனும் நுரையீரலும் ஆளுக்கு ஆள் வேறு. பெரிய உடம்புக்காரர்கள் கூச்சப்படாமல் பெரிய டேங்க் கேட்கலாம். சில கடைகளில் 15 லிட்டர் வைத்திருக்கிறார்கள். முந்தின நாளே சொல்லிவைத்துவிடுங்கள். சுமந்து வரும் அக்காவுக்கும் அந்தக் கூடுதல் எடைக்குச் சேர்த்துக் கொடுங்கள்.