பதினொரு வீடு, பதினைந்து பிள்ளைகள்

மகளை மலாய்வழித் தேசியப் பள்ளியில் சேர்த்தவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். பட்டணத்திலேயே தமிழ்ப்பள்ளி இருக்கிறது, அதைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. 'தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு' என்ற சுவரொட்டியை எங்கள் தாமான் குடியிருப்பின் முகப்பில் ஒட்டியபோது பசை வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் வீட்டுக்காரர்தான். அப்படியிருந்தும் சேர்த்தேன்.

காரணம் என் பன்னிரண்டாவது வயதில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு, தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் யூபிஎஸ்ஆர் தேர்வில் மலாய்மொழிக் கட்டுரைத் தாளில் எனக்கு 'டி' வந்தது. தேசியப் பள்ளிப் பிள்ளைகள் எந்த மதிப்பெண் எடுத்தாலும் நேரே இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவம் போனார்கள். தமிழ்ப்பள்ளியிலோ சீனப்பள்ளியிலோ படித்தவர்கள் மலாயில் 'சி' எடுக்காவிட்டால் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டியிருந்தது. கணிதத்தில் 'ஏ' வாங்கியிருந்த நானும் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு ஐந்தாம் படிவம் முடியும்வரை வகுப்பில் எல்லாரையும்விட ஒரு வயது மூத்தவளாகவே இருந்தேன். என்னோடு அந்த வகுப்பில் இருந்தவர்களில் பலர் மூன்றாம் படிவத்தைத் தாண்டவில்லை. யூபிஎஸ்ஆரை 2021இல் எடுத்துவிட்டார்கள். என் மனத்திலிருந்து அதை யாரும் எடுக்கவில்லை.

2023 மார்ச்சில் மகள் முதலாம் ஆண்டில் சேர்ந்தாள். பள்ளி வீட்டிலிருந்து நடக்கும் தூரம். மலாய் நன்றாக வந்தது. அந்த நவம்பரில், தமிழ், சீனப் பள்ளிகள் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானவை அல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது பட்டணத்துச் சாப்பாட்டுக் கடைகளில் அதே பேச்சு. நான் மட்டும் தேநீரைக் கலக்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன். பேச எனக்கு வாயேது?

அடுத்த பொங்கலுக்கு மகள் ஒரு வாழ்த்து அட்டை செய்தாள். பானை, கரும்பு எல்லாம் வரைந்து, 'பாட்டி' என்பதை ரூமியில், அதாவது மலாய் எழுதும் ஆங்கில எழுத்தில், எழுதியிருந்தாள். என் அம்மா முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். தமிழ் தவிர வேறெந்த எழுத்தும் படிக்கத் தெரியாது. அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கரும்பு அழகாக இருக்கிறது" என்றார்.

வீட்டில் சொல்லிக்கொடுக்கலாமே என்பவர்கள் இருக்கிறார்கள். இரும்புக்கடையில் கணக்கெழுதிவிட்டு ஆறரைக்கு வீடு திரும்பி உலை வைப்பவளிடம் வந்து சொல்லிப் பார்க்கட்டும்.

தேசியப் பள்ளியில் தமிழ் கேட்டு வாங்கலாம் என்பதை எங்கள் கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கிராணி (எழுத்தர்) ஒருவர்தான் சொன்னார். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில், தேசியப் பள்ளி என்றால் என்ன என்று விளக்கும் இடத்திலேயே அது இருக்கிறது. பள்ளியில் படிக்கும் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழுக்கோ சீனத்துக்கோ ஏற்பாடு செய்ய வேண்டும். நான் பள்ளி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். "இங்கே தமிழ் இல்லை" என்று பதில் வந்தது. இல்லாததால்தானே கேட்கிறேன் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் திரும்பிவிட்டேன். அது என் முதல் தவறு. வாயால் கேட்டால் வாயாலேயே அனுப்பிவிடுவார்கள்.

பிறகு பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று எண்ணினேன். மூன்று நாள் எண்ணியதில் 19 நம் பிள்ளைகள். பாதிப் பேர் சுற்றுத் தோட்டங்களிலிருந்து வேனில் வருகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போனேன். முதலில் கையெழுத்துப் போட்டவர் சீனக் குடும்பத்திலிருந்து நம்மவரை மணந்த ஒரு தாய். "என் மாமியாரோடு இவன் பேச வேண்டும்" என்றார். மறுத்தவர்களும் கெட்டவர்கள் இல்லை. ஒரு தாய்க்குத் தனக்கே தமிழ் படிக்கத் தெரியாது என்ற கூச்சம், வீட்டுப்பாடத்தை யார் பார்ப்பது என்று தயங்கினார். இன்னொருவர், "அவ்வளவு தமிழ்ப்பற்று இருந்தால் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியிருக்கலாமே" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் பிள்ளையும் இதே பள்ளியில்தான் படிக்கிறது என்பதை நான் நினைவூட்டவில்லை.

நான்கு வாரத்தில் பத்து வீடு. இனிக் கிடைக்காது என்று தாளை மடித்து வைத்துவிட்டேன். ஒரு நாள் இரவு சட்டத்தின் மலாய் வாசகத்தை மறுபடி படித்தபோதுதான் கண்ணில் பட்டது: 'லீமா பெலாஸ் ஓராங் மூரிட்'. பதினைந்து மாணவர்கள். பதினைந்து பெற்றோர் என்று அதில் எங்கும் இல்லை! அக்கா தம்பியாகப் படிப்பவர்களைச் சேர்த்து எண்ணினால் என் கையில் அப்போதே 12 பிள்ளைகள் இருந்தார்கள். இப்படிக் கேட்க நினைக்கும் எல்லாருக்கும் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: வீட்டை எண்ணாதீர்கள், பிள்ளைகளை எண்ணுங்கள்.

மீதி மூன்று பிள்ளைகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற அந்த அண்ணன் முன்பே மறுத்திருந்தார். "மூன்று மொழியா தங்கச்சி? பிள்ளை குழம்பிவிடும்." மறுபடி போய்க் கணக்கைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "பெயர் மட்டும் தருகிறேன். அனுப்புவது என் விருப்பம்" என்றார். பெயரே போதும் என்றேன்.

கடிதத்தை மலாயில் எழுதினோம். சட்டத்தின் பெயர், பிரிவு, பிள்ளையின் பெயர், மைகிட் அடையாள அட்டை எண், வகுப்பு, பெற்றோர் கையெழுத்து. இரண்டு பிரதி. ஒன்றில் 'பெற்றுக்கொண்டோம்' என்று தேதியோடு முத்திரை வாங்கினேன். தலைமையாசிரியர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் ஆசிரியர் இல்லை என்றார். ஆறு வாரம் பதிலில்லை. முத்திரைப் பிரதியை எடுத்துக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி தாளை வரி வரியாகப் படித்துவிட்டு, வெளியிலிருந்து கற்பிக்க யாராவது தகுதியோடு இருந்தால் பள்ளி வழியாக விண்ணப்பிக்கச் சொன்னார். ஆளை நாங்களே தேடினோம். தமிழ்ப்பள்ளியில் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கோயிலில் தேவார வகுப்பு நடத்துபவர், சம்மதித்தார்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது, தம்முடைய தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையாம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும். அப்படித் தொடங்கிய பள்ளிகளும் சேர்ந்துதான் 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530ஐ ஒட்டி நிற்கின்றன. அன்று பத்துத் தலை இருந்தால் ஒரு பள்ளி. இன்று பதினைந்து பெயர் திரட்டி ஒரு வகுப்பு.

ஜூலையில் தொடங்கியது. புதன்கிழமை, பள்ளி விட்ட பிறகு, ஒன்றரையிலிருந்து மூன்றுவரை. ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிற சட்டம் எந்நேரத்தில் என்று சொல்லவில்லை. ஒன்றேகாலுக்குத் தோட்டத்து வேன் போய்விடும். முதல் நாள் ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். இரண்டாம் வாரம் ஆறு. ஒரு தாத்தா தம் பழைய கான்சில் காரில் நான்கு பிள்ளைகளைத் தோட்டம்வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று முன்வந்த பிறகு பதினொன்றில் நிற்கிறது. லாரி அண்ணனின் கடைக்குட்டியும் வருகிறான். அவனாகவே கேட்டு வந்தானாம்.

வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் தமிழ்ப்பள்ளிக்கு ஈடாகாது. என்னிடம் யோசனை கேட்டு வருபவர்களிடம், என் பயம் உங்களுக்கு இல்லையென்றால் தமிழ்ப்பள்ளிக்கே போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பட்டியலில் இருப்பவர்களில் நான்கு பேர் ஆறாம் ஆண்டு. அவர்கள் போனால் 11. எண்ணிக்கை குறைந்தது என்று யாரும் கேட்பதற்குள் நிரப்பிவிட வேண்டும் என்று பாலர் பள்ளி வாசலில் நிற்கத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை மூன்று பெயர் கிடைத்திருக்கிறது.